வாசலைத் திருப்புங்கள்

கேள்வி: சென்னைப் புறநகரில் முப்பது வருடங்களுக்கு முன்பு பஜனை மண்டலியாகத் தொடங்கி, இப்போது பதிவு செய்த அறக்கட்டளையாக நடத்திவருகிறோம். நான் அதன் செயலாளர். 20 அடித் தெருவில் ஒரு பழைய வீட்டில் சன்னிதியும் பஜனைக் கூடமும் இருக்கின்றன. பௌர்ணமிதோறும் அன்னதானம் உண்டு. சென்ற வருடம் பக்கத்து வீட்டையும், அதற்குப் பின்னால் 40 அடிச் சாலையைப் பார்த்திருக்கும் இன்னொரு வீட்டையும் வாங்கினோம். மூன்றையும் இடித்துவிட்டு 500 பேர் உட்காரும் மண்டபம், சமையற்கூடம், மேலே வெளியூர் அன்பர்கள் தங்க அறைகள் கட்ட உத்தேசம். சாஸ்திரப்படி கிழக்கு வாசல் என்பதால் வாசல் இப்போதுள்ள தெருவிலேயே இருக்கும். விஷயம் தெரிந்ததிலிருந்து தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘மண்டபம் வேண்டாம்’ என்று வீட்டுக்கு வீடு கேட்டில் ஒட்டியிருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் ஆட்சியருக்கும் சிஎம்டிஏவுக்கும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மனு போயிருக்கிறது. எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார்தான் தூண்டிவிடுகிறார். ஒரு பௌர்ணமியன்று அவரால் காரை வெளியே எடுக்க முடியவில்லை, அந்தக் கோபம். இடம் எங்களுடையது, பணம் பக்தர்களுடையது. அரசியல் சட்டம் தந்த மத உரிமையை நாலு வீட்டுக்காரர்கள் தடுக்க முடியுமா? நாங்களே முந்திக்கொண்டு வழக்குப் போடலாமா? ‘முதலில் வீடு என்று பிளான் வாங்கிவிடலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார் எங்கள் எஞ்சினியர். செய்யலாமா? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதைப் படிப்பதற்குள் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடக்கூடும். வீடு என்று பிளான் வாங்காதீர்கள்.

உங்கள் எஞ்சினியர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் பல பேர் அப்படித்தான் கட்டுகிறார்கள், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. உங்கள் விஷயத்தில் கேட்பதற்கு ஒரு தெருவே காத்திருக்கிறது. அவர்களில் ஒருவர் 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுவார். வரும் நகலில் ‘குடியிருப்பு’ என்று இருக்கும். உங்கள் பூமி பூஜை அழைப்பிதழில் ‘500 பேர் அமரும் மண்டபம்’ என்று இருக்கும். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்து நீதிமன்றத்துக்குப் போனால், அவர்கள் தரப்பு வக்கீல் வாயைத் திறக்கவே வேண்டாம்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 56, 57-வது பிரிவுகள் இதற்காகவே இருக்கின்றன. அனுமதியில்லாமலோ அனுமதிக்கு மாறாகவோ கட்டினால் வேலையை நிறுத்தச் சொல்லலாம், கட்டியதை அகற்றச் சொல்லலாம். பூட்டி சீல் வைப்பதையும் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்த ஒரு அறக்கட்டளைக்கு கும்பாபிஷேகத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். யாகசாலைக்குக் கொட்டகை போட்டாகிவிட்டது, சிவாச்சாரியார்களுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. டிரஸ்டிகள் இரவு பதினோரு மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்குக் கோபம் வந்தது அக்கம்பக்கத்தார்மேல் அல்ல, ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னவர்மேல்தான்.

இதில் சின்னச் சின்னக் கண்ணிகளும் உண்டு. மின் கட்டணத்தில் வழிபாட்டுத் தலத்துக்கு 2-சி என்று தனிப் பிரிவு இருக்கிறது. வீட்டு இணைப்பில் கூடத்தை நடத்தினால் அதுவே ஒரு புகார். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் (கடிதத்தில் இல்லை, ஆனால் 500 பேர் மண்டபம் என்றவுடன் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது, தெருக்காரர்களுக்கும் வந்திருக்கும்) 1965-ஆம் வருடத்துப் பொதுக் கட்டிட உரிமச் சட்டத்தின்படி தாசில்தாரிடம் உரிமம் வாங்க வேண்டும். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். வழிபாட்டுக்கென்று கட்டிடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பது நம் கட்டிட விதிகளில் நெடுநாளாக இருப்பது. வீடு என்று மனு போட்டால் இத்தனையையும் தாண்டிக் குதித்ததாக ஆகும். முறையாக விண்ணப்பித்தால் ஆட்சியர் அலுவலகம் தாசில்தாரிடமும் காவல் துறையிடமும் அறிக்கை கேட்கும். விசாரிக்க ஆள் வருவார்கள். அந்த அறிக்கையில் உங்கள் தெருவைப் பற்றி என்ன எழுதப்படும் என்பதில்தான் உங்கள் திட்டத்தின் தலையெழுத்து இருக்கிறது.

சரி, அரசியல் சட்ட உரிமைக்கு வருவோம்.

26-வது பிரிவு, மத அமைப்புகள் சொத்து வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம் என்கிறது. உண்மை. அந்தச் சொத்தை ‘சட்டத்துக்கு உட்பட்டு’ நிர்வகிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. உங்களைப் போல வருகிறவர்கள் பாதி வரியைத்தான் மனப்பாடமாகச் சொல்வார்கள். 25, 26 இரண்டுமே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்குக் கட்டுப்பட்டவை. கட்டிட விதி எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் பக்கத்தில் ஒருவர் ஓட்டல் கட்டினால் எந்த வண்டி நிறுத்தக் கணக்கைக் கேட்பார்களோ, அதே மாதிரி ஒரு கணக்கை உங்களிடமும் கேட்பார்கள். அதைக் கேட்பது மதத்தில் தலையிடுவது ஆகாது.

நம் ஊர் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. சென்னையில் மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம், கே.கே.ஆர். நகரில் சர்ச் ஆஃப் காட் (ஃபுல் காஸ்பல்) சபையின் ஜெபக்கூடம். டிரம், கிட்டார் என்று வாத்தியங்களோடு ஆராதனை. பக்கத்திலிருந்த மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம் சத்தம் தாங்கவில்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போலீசுக்கும் போய், கடைசியில் உயர் நீதிமன்றம் வந்தது. சபை சொன்ன பதில் உங்கள் கடிதத்தில் இருப்பதுதான்: இது சத்தத்தைப் பற்றிய புகார் இல்லை, எங்கள் வழிபாட்டைத் தடுக்கும் உள்நோக்கம். அந்த நெடுஞ்சாலையில் போகும் வண்டிகளின் இரைச்சலும் சேர்ந்துதான் அளவு கூடுகிறது என்றும் வாதிட்டார்கள். அதில் உண்மையும் இருந்தது. 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மற்றவர்களின் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று சொல்லி, சபையின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். ஜெபக்கூடத்தை மூடச் சொன்னதாக நினைக்காதீர்கள். சத்தத்தைக் குறை என்பதோடு நிறுத்தினார்கள். அது கிறிஸ்தவ சபை, நம்முடையது வேறு என்று உங்கள் கமிட்டியில் யாராவது சொன்னால், அந்தத் தீர்ப்பில் சபையின் பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் அறக்கட்டளையின் பெயரை எழுதி ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வேறு ஒரு வார்த்தை மாற்ற வேண்டியிருக்காது.

ஒலி மாசு விதிகளும் 2000-ஆம் வருடம்தான் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 45. மூடிய அரங்கத்துக்கு உள்ளே தவிர இரவில் ஒலிபெருக்கி கூடாது. இந்த 45 எவ்வளவு குறைவு என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு தகராறில் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நள்ளிரவில் நின்றிருக்கிறேன். ஒலிபெருக்கியை நிறுத்திய பிறகும், தெருநாய் ஒன்று குரைத்ததற்கே முள் எகிறியது. நீங்கள் காலை நாலரைக்கு சுப்ரபாதம் போடுகிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. போட்டால், வெளியே பார்த்த ஒலிபெருக்கிக் குழாயை இந்த வாரமே கழற்றிவிடுங்கள். மண்டபத்துக்கு அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இனி, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம்.

‘ஒரு பௌர்ணமியன்று அவரால் காரை வெளியே எடுக்க முடியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்காக எடுக்கப் பார்த்தார்? கேட்டீர்களா? ரிட்டயர்டு ஆனவர் ராத்திரி எட்டு மணிக்குக் காரை எடுப்பது பெரும்பாலும் ஊர் சுற்ற இருக்காது. மனைவிக்கு மூச்சிரைப்பாக இருந்திருக்கலாம், பேரனுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். அவர் கேட்டுக்கு முன்னால் ஏழெட்டு பைக், ஒரு ஷேர் ஆட்டோ, நடுவில் சாம்பார் அண்டா இறக்கும் டாடா ஏஸ். டிரைவர் எங்கே என்று கேட்டால் உள்ளே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டுக்கு வெளியே செருப்புக் குவியல். உள்ளே மைக்கில் நாமாவளி. அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்டிருக்காது. இது என் கற்பனைதான். ஆனால் இந்த மாதிரி மனுக்களை நிறையப் படித்தவனின் கற்பனை. அவரைத் தூண்டிவிடுகிறவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும்வரை உங்கள் எதிரி யார் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் எதிரி அந்த 20 அடித் தெரு.

இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் கதையோடு அவ்வளவு பொருந்துகிறது. லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் லெட்ச்மோர் ஹீத் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே ஒரு பெரிய மாளிகையை 1973-இல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வாங்கி, ஹரே கிருஷ்ணா இயக்கமான இஸ்கானுக்குக் கொடுத்தார். பக்திவேதாந்த மேனர் என்று பெயர். சமயக் கல்வி தரும் கல்லூரியாகப் பயன்படுத்த அங்கே அனுமதி இருந்தது. மெதுமெதுவாக பிரிட்டன் முழுவதிலிருந்தும் இந்துக்கள் வரும் கோயிலாகிவிட்டது. கோகுலாஷ்டமி என்றால் ஆயிரக்கணக்கில் கூட்டம், அத்தனை காரும் கிராமத்தின் குறுகிய சாலை வழியாக. கிராமத்தார் கவுன்சிலிடம் போனார்கள். அனுமதித்த பயன்பாடு வேறு, நடப்பது வேறு என்று கவுன்சில் நடவடிக்கை எடுத்தது. (உங்கள் எஞ்சினியர் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.) வருடக்கணக்கில் மேல்முறையீடு, விசாரணை. மத உரிமை பறிபோகிறது என்று கோயில்காரர்கள் ஸ்ட்ராஸ்பர்கில் அப்போது இருந்த ஐரோப்பிய மனித உரிமை ஆணையம்வரை போனார்கள். 1994 மார்ச்சில் ஆணையம் மனுவை ஏற்க மறுத்துவிட்டது. மத உரிமையைச் சொல்லி நகரமைப்புச் சட்டத்தைத் தாண்ட முடியாது என்பதுதான் அதன் சாரம்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் வேறொன்று செய்தார்கள். கிராமத்துக்குள் நுழையாமல், வயல் வழியாகச் சுற்றி மாளிகைக்கு வரும் தனிச் சாலை ஒன்றுக்குத் திட்டம் போட்டார்கள். 1996-இல் அரசு அந்தச் சாலையோடு சேர்த்துப் பொது வழிபாட்டுக்கும் விழாக்களுக்கும் அனுமதி கொடுத்தது. சாலைக்கு தர்ம் மார்க் என்று பெயர் வைத்தார்கள். ஊர்வலம், போராட்டம், வழக்கு எல்லாம் இருந்தன, அவற்றுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் கிராமத்தாரின் முக்கியமான புகாருக்கு நேரடியான பதில் அந்தத் தார்ச் சாலைதான்.

உங்களுக்கு அந்தச் செலவு இல்லை. சாலை ஏற்கெனவே இருக்கிறது. பின்னால் வாங்கிய வீடு 40 அடிச் சாலையைப் பார்த்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாசலை அங்கே திருப்புங்கள்.

கிழக்கு வாசல் என்று தடுப்பீர்கள், தெரியும். சன்னிதி கிழக்குப் பார்க்கட்டும். ஜனங்கள் வருகிற வழியும் கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மயிலாப்பூரில் கபாலீசுவரர் மேற்கே பார்த்திருக்கிறார். ராஜகோபுரம் கிழக்கே இருக்கிறது. அந்த வழியாக நுழைந்து, சுற்றிக்கொண்டு போய்த்தான் சேவிக்கிறோம். அவர் யாரையும் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை. இப்போதுள்ள தெருப் பக்கம் ஒரு சின்னக் கதவு மட்டும் வையுங்கள், தெருவில் இருப்பவர்கள் நடந்து வருவதற்கு. வண்டி நுழைய முடியாத அகலத்தில். அதை வரைபடத்திலேயே காட்டுங்கள்.

சமையற்கூடத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். புகைபோக்கி, ஜெனரேட்டர், எச்சில் இலை போடும் இடம், அண்டா கழுவும் தொட்டி, இந்த நாலும் எந்தச் சுவரோரம் வருகின்றன என்று பாருங்கள். வரைபடக்காரர்கள் வழக்கமாக இவற்றை ஒரு மூலையில் தள்ளிவிடுவார்கள். அந்த மூலை எப்போதும் யாரோ ஒருவரின் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக இருக்கும். தாளிக்கிற வாசனை ஒருநாள் நன்றாக இருக்கும், மாதம் முழுக்க இருக்காது. 500 பேர் சாப்பிட்டுக் கை கழுவும் தண்ணீர் எந்தக் குழாயில் போகிறது என்பதும் அப்படித்தான். அந்தத் தெருவின் சாக்கடைக் குழாய் பத்துப் பதினைந்து வீட்டுக்குப் போட்டது. முதல் பௌர்ணமியிலேயே வாத்தியார் வீட்டுக் குளியலறையில் எதிர்த்துக்கொண்டு வந்தால் அப்புறம் எந்த வக்கீலும் உங்களைக் காப்பாற்ற முடியாது.

தங்கும் அறைகளை இந்தச் சுற்றில் விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். மண்டபம் நடந்து இரண்டு வருடம் ஆகட்டும். யார் வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று தெரியாத ஆட்கள் மேல்மாடியிலிருந்து பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்ப்பது தெருவில் வேறு வகையான பயத்தைக் கிளப்பும். அதற்கு நீங்கள் பதில் சொல்லி மாளாது.

நீங்களே முந்திக்கொண்டு வழக்குப் போடலாமா என்றால், வேண்டாம். எதற்காகப் போடுவீர்கள்? அவர்கள் மனு கொடுத்ததைத் தடுக்கச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. மனு கொடுப்பது அவர்கள் உரிமை. கேட்டில் ‘மண்டபம் வேண்டாம்’ என்று ஒட்டுவதும் அப்படியே. உங்கள் விண்ணப்பத்தைக் காரணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டால், அப்போது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். இத்தனை வாரத்துக்குள் முடிவெடு என்று உத்தரவு கிடைக்கும். ‘அனுமதி கொடு’ என்று கிடைக்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெருக்காரர்களின் ஆட்சேபணை இருக்கிறது என்பதற்காக மட்டும் நிராகரித்தால் அதை எதிர்த்து வாதாட இடம் உண்டு. வண்டி நிறுத்த இடமில்லை, சாலை அகலம் போதாது என்று நிராகரித்தால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. அவர்கள் பக்கம் என்னென்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவில் கோர்ட்டில் தடை உத்தரவு கேட்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகலாம். பொதுத் தொல்லை என்று பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-வது பிரிவில் (பழைய சட்டத்தில் 133) கோட்டாட்சியரிடம் போகலாம். எல்லாம் சேர்ந்தால் உங்கள் மண்டபம் அஸ்திவாரத்தோடு ஐந்து வருடம் நிற்கும். கம்பி துருப்பிடிக்கும், நன்கொடை கொடுத்தவர்கள் கணக்குக் கேட்பார்கள்.

போகிற போக்கில் ஒன்று. பொதுமக்கள் உரிமையோடு வந்து வழிபடும் இடமாக, உண்டியல் வைத்துப் பெரிதாக வளர்ந்தால், ‘இது தனி அறக்கட்டளையா, பொதுக் கோயிலா?’ என்று அறநிலையத் துறை கேட்க 1959-ஆம் வருடச் சட்டத்தில் வழி இருக்கிறது. உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தில் மண்டபம், அன்னதானம், தங்குமிடம் எல்லாம் நோக்கங்களாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று உங்கள் ஆடிட்டரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது வாத்தியாரிடம். நீங்கள்தான் போக வேண்டும், தலைவரோ குருஜியோ வேண்டாம். தனியாகப் போங்கள். பிரசாதம் கொண்டுபோகாதீர்கள், முதல் தடவை அது லஞ்சம் மாதிரி இருக்கும். காரை எடுக்க முடியாமல் போன அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை ‘ஆனால்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அப்புறம் வாசலைத் திருப்பிய வரைபடத்தை மேஜையில் விரித்துக் காட்டுங்கள். பௌர்ணமியன்று இந்தத் தெருவில் வண்டி நிற்காது, ஒலிபெருக்கி கூடத்துக்கு வெளியே கேட்காது, வருடத்தில் இத்தனை நாள்தான் பெரிய விசேஷம், கல்யாணத்துக்கு வாடகைக்கு விட மாட்டோம் என்று அறக்கட்டளைத் தீர்மானம் போட்டு, சங்கத்துக்கு எழுத்தில் கொடுக்கத் தயார் என்று சொல்லுங்கள். தயாராக இல்லாததைச் சொல்லாதீர்கள். வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் இருக்கிறது என்றே சொல்லிவிடுங்கள். அந்தக் கடிதத்தின் நகலை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் விண்ணப்பத்தோடு இணைக்கலாம். அவர் மனம் மாறிவிடுவார் என்று நான் உத்தரவாதம் கொடுக்கவில்லை. மாறாவிட்டாலும், விசாரணைக்கு வருகிற அதிகாரி அறிக்கையில் எழுத உங்கள் பக்கத்திலும் ஒரு காகிதம் இருக்கும்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பின்பக்கச் சாலை 40 அடி என்று பத்திரத்தில் இருப்பதை நம்பிவிடாதீர்கள். ஒரு சர்வேயரைக் கூட்டிக்கொண்டு டேப்போடு போய், சாலையின் இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். வீட்டுக்காரர்கள் சாய்தளம், படிக்கட்டு, வேப்பமரத்துக்கு மேடை என்று ஆளுக்கு இரண்டடி எடுத்திருப்பார்கள். அளந்த கணக்கை எனக்கு அனுப்புங்கள், பிளான் போடுவதைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.